இறக்கத்துக்கு முன்னால் முதல் வாய்

போன வருஷம் கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த நேரம். தருமபுரியிலிருந்து சேலம் போகும் நெடுஞ்சாலையில், தொப்பூர் இறக்கம் தொடங்குவதற்குச் சற்று முன்னால் எங்கள் பரோட்டாக் கடை இருக்கிறது. என் கணவர் லாரி ஓட்டுகிறார். கடை என் பொறுப்பு.

அந்த இறக்கத்தில் லோடு வண்டியை இறக்குவது எப்படிப்பட்ட விஷயம் என்று அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். பிரேக் பிடிக்காமல் போன வண்டிகளைப் பற்றிய பேச்சு இல்லாமல் என் கடையில் ஒரு பொழுதும் போனதில்லை. அதனால் டிரைவர்களிடம் ஒரு பழக்கம். கடை வாசலில் படுத்திருக்கும் கருப்பு நாய்க்கு முதல் வாயைப் பிட்டுப் போட்டுவிட்டுத்தான் சாப்பிடுவார்கள். பைரவர் வாகனத்துக்குக் கொடுத்துவிட்டால் இறக்கத்தில் ஒன்றும் ஆகாது என்று ஒரு நம்பிக்கை. அந்த நாய்க்கு நாங்கள் வைத்த பெயர் கருப்பி. என் கணவர் மறந்தாலும் நான் விடமாட்டேன். அவர் கையால் ஒரு வாய் அவளுக்குப் போன பிறகுதான் எனக்கு மனசு ஆறும்.

ஆளுக்கு ஒரு வாய்தான். ஆனால் எத்தனை ஆள்! சால்னாவில் ஊறிய பரோட்டா, ஆம்லெட், எண்ணெய் சொட்டும் கோழித்தோல் என்று தின்று தின்று கருப்பிக்கு வயிறு தொங்கத் தொடங்கியது. "குட்டி போடப் போவுதுங்க அக்கா" என்றார் பரோட்டா மாஸ்டர். எல்லோரும் அப்படியே நம்பிவிட்டோம். பிள்ளைத்தாய்ச்சி ஆயிற்றே என்று நான் வேறு பாலும் முட்டையும் தனியாக வைத்தேன். ஒரு டிரைவர் கண்ணாடி வளையலைக் கயிற்றில் கோத்து அவள் கழுத்தில் கட்டி, வளைகாப்பு முடிந்தது என்று அறிவித்தார். குட்டிதான் வந்தபாடில்லை.

ஒரு நாள் மத்தியானம். பெங்களூரிலிருந்து லோடு ஏற்றி வந்த என் கணவர், "கிருஷ்ணகிரி தாண்டிட்டேன்" என்று போன் செய்து வைத்தார். கொஞ்ச நேரத்தில் கருப்பி வாசலிலேயே சாய்ந்துவிட்டாள். நாக்கு வெளியே தொங்க, வாயில் நுரை தள்ள, வயிறு தூக்கித் தூக்கிப் போட்டது.

"அக்கா, குட்டி உள்ள சிக்கிக்கிச்சாட்டம் இருக்குது!" என்று மாஸ்டர் கத்தினார்.

நாய் செத்துப்போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம். வாய்விட்டுச் சொல்ல முடியாத பயம் இன்னொரு பக்கம். என் கணவர் இன்னும் இறக்கத்தைத் தாண்டவில்லை. இன்றைக்குப் பார்த்தா இவள் விழ வேண்டும்? உடனே அவரைக் கூப்பிட்டேன். "ஏங்க, நான் வர்ற வரைக்கும் வண்டிய எறக்காதீங்க. கடையிலயே நிறுத்திட்டு உக்காருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்" என்றேன். என் குரலைக் கேட்டதும் "சரி" என்று போனை வைத்தார்.

மாஸ்டர் ஒரு குடம் தண்ணீரை அவள்மேல் ஊற்றினார். ஒரு லோடு ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு தருமபுரி கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே இருந்த டாக்டரம்மா முதலில் ஈரத்துணி போட்டுச் சூட்டைத் தணித்தார், டிரிப்ஸ் ஏற்றினார். மூச்சு கொஞ்சம் சீரானதும் வயிற்றை ஸ்கேன் செய்து பார்த்தார்.

"குட்டியே இல்லைங்களே!"

"அப்ப... கட்டிங்களா டாக்டர்?"

அவர் ஸ்கேன் கருவியை வயிற்றின்மேல் இன்னும் நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். நான் வேண்டாத தெய்வம் இல்லை. கடைசியில் நிமிர்ந்து, "கட்டி, நீர் எதுவும் இல்ல. அத்தனையும் கொழுப்புங்க. அப்படி என்னதான் போடறீங்க?" என்று கேட்டார்.

சொன்னேன். வளையலையும் பார்த்துவிட்டு அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. உடம்புக்குச் செலவானது போக மிஞ்சுகிற சாப்பாடெல்லாம் தோலுக்கு அடியிலும் குடலைச் சுற்றியும் கொழுப்பாகப் படிந்துவிடுமாம். அதனால் மூச்சு வாங்கவும் முடியாமல், வெயில் சூட்டை வெளியே விடவும் முடியாமல்தான் விழுந்திருக்கிறாள். "இனிமே பரோட்டா கண்ணுலயே காட்டாதீங்க. காட்டினா அடுத்த வெயிலைத் தாங்காது" என்றார். போன உயிர் திரும்பி வந்தது மாதிரி இருந்தது எனக்கு. அங்கேயே உட்கார்ந்து அழுதேன், சிரித்தேன்.

சாயங்காலம் கடைக்குத் திரும்பினோம். லாரி ஓரமாக நின்றது. அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். டாக்டர் சொன்னதைச் சொல்லிவிட்டு, "அப்ப மொத வாய்க்கு என்னாங்க பண்றது?" என்றேன்.

அவர் எழுந்து போய், குருமாவுக்கு நறுக்கி வைத்திருந்த பீன்ஸில் ஒரு துண்டை எடுத்து நீட்டினார். கருப்பி முகர்ந்தாள். அவர் முகத்தை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு போனால் போகிறது என்று கடித்தாள்.

"வாங்கிக்கிச்சில்ல, அவ்வளவுதான். பைரவரு பரோட்டாதான் வேணும்னு உங்கிட்ட வந்து கேட்டாரா?" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

கல்லாவில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. "எறங்கிட்டேன்" என்றார்.

இப்போது வாசலில் வேகவைத்த பீன்ஸும் கேரட்டும் ஒரு தட்டில் இருக்கும். "என்னங்க அக்கா, பைரவரையே டயட்ல போட்டுட்டீங்க?" என்று டிரைவர்கள் கிண்டல் செய்துகொண்டே ஆளுக்கு ஒரு துண்டு கொடுக்கிறார்கள். எனக்குத் தெரியாமல் பரோட்டாவை நழுவவிடுகிறவர்கள் என் வாயில் விழுந்து எழுந்திருக்கிறார்கள். கருப்பிக்கு இடுப்பு தெரிகிறது. இந்த வருஷக் கத்திரி வெயிலையும் தாண்டிவிட்டாள். என் கணவரின் ஹாரன் கேட்டால் எழுந்து ரோட்டோரப் புளியமரம் வரைக்கும் ஓடுகிறாள்.

அப்படி அவள் ஓடுவதைப் பார்க்கும்போதெல்லாம் தோன்றும்: நாங்கள் அத்தனை பேரும் எங்கள் பயத்தைத்தான் வாய் வாயாக அவளுக்கு ஊட்டியிருக்கிறோம், அந்தப் பாரம் அவள் உடம்பிலிருந்து இறங்கிய பிறகுதான் எனக்கும் மூச்சு லேசாக வருகிறது.