தாலுகா வாரியாக உட்கார வைத்த வைண்டர்கள் கூட்டம்

1. எண்பத்தேழாம் வருடம் தை மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, தர்மபுரியில் மோட்டார் ரீவைண்டிங் செய்பவர்களுக்காக ஒருநாள் கூட்டம் நடத்தினேன்.

2. டவுன், பென்னாகரம், அரூர், பாப்பாரப்பட்டி என்று இருபத்திரண்டு பேர் வந்தார்கள்.

3. ஆளுக்கு ஒரு மோட்டாரின் வைண்டிங் டேட்டாவை எழுதி வாங்கினேன். சாப்பாட்டு நேரத்தில் ஸ்டென்சில் வெட்டி சைக்ளோஸ்டைல் எடுத்து, மாலையில் எல்லோர் கையிலும் ஒரு தாள் கொடுத்தேன்.

4. கைதட்டினார்கள்.

5. பதினோராவது நாள், அந்தத் தாளைப் பார்த்துச் சுற்றிய ஐந்து எச்.பி. மோட்டார் ஒன்று பென்னாகரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிணற்றடியில் எரிந்தது.

6. மறுநாள் காலை, அதைச் சுற்றிய காதர் பாய் என் லேப் வாசலில் நின்றார்.

இப்படி ஒரு கூட்டத்தை இனி நடத்தப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் எலக்ட்ரிகல் டிப்ளமோ படித்தவள். ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் லேப் இன்ஸ்ட்ரக்டர். கிணற்று மோட்டார் எரிந்தால் வைண்டர் பழைய காயிலை அறுத்தெடுத்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றுவார். ஒரு காயிலுக்கு எத்தனை சுற்று, எந்த கேஜ் (தடிமன்) கம்பி, கம்பி உட்காரும் பள்ளங்களில் எந்த ஸ்லாட்டிலிருந்து எந்த ஸ்லாட்டுக்கு என்பதுதான் டேட்டா. ஒவ்வொரு கம்பெனி மோட்டாருக்கும் அது வேறு. ஒவ்வொரு வைண்டரும் தனக்குத் தெரிந்ததை ஒரு நோட்டில் எழுதி வைத்திருப்பார். எல்லா நோட்டையும் ஒரே தாளில் கொண்டுவந்தால் மாவட்டத்துக்கே உதவும் என்று நினைத்தேன்.

காதர் பாய் எரிந்த காயிலையும் என் தாளையும் மேசைமேல் வைத்தார்.

"டீச்சரம்மா, பன்னெண்டாவது வரியப் பாருங்க. அதே மாதிரிதான் சுத்துனேன். ரெண்டு நாளு ஓடுச்சு. மூணாவது நாளு புகை."

"கேஜ் சரியாப் பாத்தீங்களா பாய்?"

"இருவது வருசமா கம்பி தொடறேன். என்கிட்டயே கேஜ் கேக்கறீங்களே."

அந்த மோட்டார் அவரிடம் வரும்போதே காயில் இல்லை. முதலில் வேறொரு கடைக்காரர் எண்ணாமல் அறுத்துப் போட்டுவிட்டு, முடியாது என்று திருப்பிக் கொடுத்திருந்தார். அவ்வளவாகப் புழக்கத்தில் இல்லாத கம்பெனி மோட்டார். தாளை நம்புவதைத் தவிர பாய்க்கு வேறு வழியில்லை. மோட்டாருக்குச் சொந்தக்காரர் மாதையனின் வயலில் கல்லக்காய், அதாவது நிலக்கடலை, பூவெடுத்துத் தண்ணீருக்குக் காத்து நின்றது.

"மாதையன் என்ன சொல்றான் தெரியுங்களா? 'டவுனுக்குப் போயி படிச்சிட்டு வந்தீங்களே பாய், அதுக்கு முன்னாடியெல்லாம் நல்லாத்தான் சுத்துவீங்க'ன்றான். கடை வாசல்ல, நாலு பேர் முன்னாடி."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அவர் குறித்து வந்திருந்த, மோட்டாரின் இரும்புக் கோர் நீளத்தையும் உள்விட்டத்தையும் வைத்துக் கணக்குப் போட்டேன். சுற்று முப்பதுக்கும் முப்பத்துநாலுக்கும் நடுவில் வர வேண்டும். தாளில் இருபத்தெட்டு. சுற்று குறைந்தால் கரண்ட் ஏறும்; காயில் சூடாகி எரியும். இந்தக் கணக்கைக் கூட்டத்தன்றே போட்டிருக்கலாம். அன்று மைக், டீ, பெஞ்சு, சாப்பாட்டு இலை என்று முப்பத்தொரு வேலைகளைப் பட்டியல் போட்டு ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டிருந்தேன். டேட்டாவைச் சரிபார்ப்பது அதில் இல்லை.

தோராயக் கணக்கை வைத்து மறுபடி சுற்றச் சொல்ல முடியாது. எழுதி வாங்கிய சீட்டுகள் என்னிடம் இருந்தன. பன்னிரண்டாவது வரி, அரூர் முருகேசன். லீவு எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் மற்ற இருபத்தொரு வரிகளும் கண்முன் ஓடின.

முருகேசன் கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால். ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"வாங்க மேடம். மறுபடியும் கூட்டமா? போன தடவ சாம்பார் சாதம் நல்லா இருந்துச்சுங்க."

"உங்க மோட்டாருக்கு இருபத்தெட்டு சுத்துன்னு எழுதிக் கொடுத்தீங்க. நெஜத்துல எத்தனை?"

"இருவத்தெட்டுதாங்க."

"அந்தக் கணக்குல சுத்துன மோட்டார் எரிஞ்சு போச்சு."

"யாரு சுத்துனது? எதிர்க்கடை சின்னராசுவா?" கேட்கும்போதே முகம் மலர்ந்தது.

"பென்னாகரம் காதர் பாய்."

மலர்ச்சி போய்விட்டது. "அடடா, பாயா? அவரு நல்ல மனுசனாச்சே!" கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தார். "மேடம், உங்க பேர்ல தப்பே இல்லன்னு சொல்ல மாட்டேன். என்னைக் கொண்டுபோயி சின்னராசு பக்கத்துல உக்கார வெச்சீங்க. நான் எழுதறத அவன் எட்டி எட்டிப் பாக்கறான். சரியா எழுத எனக்கென்ன கிறுக்கா? நாலு கொறச்சுப் போட்டேன். அவன் மட்டும் யோக்கியமா எழுதியிருப்பான்னா நெனக்கறீங்க?"

"பாய் கேட்டிருந்தா?"

"பென்னாகரத்து மோட்டாரு என்கிட்ட வருமா, என்னுது அங்க போவுமா? அவர் பக்கத்துல உக்கார வெச்சிருந்தா டீ குடிக்கறப்பவே சொல்லியிருப்பேன்."

தாலுகா வாரியாக, அதற்குள் ஊர் வாரியாக, பெஞ்சுக்குப் பெஞ்சு அட்டை எழுதி ஒட்டியது நான்தான். ஒவ்வொருவரையும் அவரவர் போட்டிக் கடைக்காரரின் பக்கத்தில் உட்கார வைத்து, உள்ளதை எழுதுங்கள் என்று கேட்டிருக்கிறேன்.

"இப்ப எழுதிக்கோங்க, முப்பத்திரெண்டு."

நான் பேனாவைத் திறக்கவில்லை. "சொல்ற நம்பர இனிமே எழுதறதா இல்லைங்க."

அவருக்குச் சுருக்கென்றுதான் இருந்திருக்கும். விறுவிறுவென்று உள்ளே போய், அதே கம்பெனி மோட்டாரில் அறுத்த பழைய காயில் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் போட்டார். "அப்ப எண்ணிக்கோங்க."

வெட்டிய முனைகளை ஒவ்வொன்றாக விரலால் தள்ளி எண்ணினேன். முப்பத்திரண்டு. அவரையும் எண்ணச் சொன்னேன். முப்பத்திரண்டு.

"டீச்சருங்க எல்லாருமே இப்படித்தானுங்களா?" என்றார்.

அந்தக் காயிலையே பையில் போட்டுப் பென்னாகரத்துக்குக் கொண்டுபோனேன். காதர் பாயும் தானே ஒருமுறை எண்ணிவிட்டுத்தான் கம்பியைத் தொட்டார். மூன்றாம் நாள் தண்ணீர் பாய்ந்தது. அதற்குள் மேட்டுப் பக்கத்துக் கல்லக்காய் கருகியிருந்தது. பள்ளத்தில் இருந்தது பிழைத்தது. அதன்பிறகு மாதையன் வீட்டு இன்னொரு மோட்டார் எரிந்தபோது பாப்பாரப்பட்டிக்கு எடுத்துப் போனார்கள்.

அதே வருடம் ஆடியில் இரண்டாவது கூட்டம். பதினான்கு பேர் வந்தார்கள். காதர் பாயும் வந்தார். வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஊர் கலந்து உட்கார வைத்தேன். சீட்டில் யாரும் எதுவும் எழுதவில்லை. ஒவ்வொருவரும் அறுத்த காயில் ஒன்றைக் கையோடு கொண்டுவர வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தேன். அதை வேறு ஊர்க்காரர் இருவர் எல்லோர் முன்னாலும் எண்ண வேண்டும். "யோவ், ஒண்ண விட்டுட்ட பாரு", "உன் கண்ணுக்கு மொதல்ல ரீவைண்டிங் பண்ணுய்யா" என்று கூடம் முழுக்கச் சத்தம். அன்று யாரும் கைதட்டவில்லை.

நான் கற்றது இவ்வளவுதான். போட்டிக்காரர் பார்த்துக்கொண்டிருக்கும்போது தொழில்காரரிடம் டேட்டா கேட்டால் பொய்தான் கிடைக்கும். அது கேட்டவர் செய்த தவறு. எண்ணிப் பார்க்கக்கூடிய பொருளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், சரிபார்க்காத எதையும் அச்சடித்துக் கையில் கொடுக்காதீர்கள்.

இன்றைய நிலை: பதினான்கு மோட்டார்களுக்கு எண்ணிச் சரிபார்த்த டேட்டா இருக்கிறது. முதல் கூட்டத்துத் தாள்களைத் திரும்ப வாங்கக் கடை கடையாகப் போய்க்கொண்டிருக்கிறேன். இருபத்திரண்டில் பதினாறு வந்துவிட்டன. ஆறு தாள்கள் இன்னும் வெளியே இருக்கின்றன.