அத்தைக்கு அனுப்பும் எடை

அம்மா என்னைச் சுமந்தபோது, போர்ட் பிளேருக்குத் தெற்கே ஒரு தீவில் ரப்பர் தோட்டக் குடியிருப்பில் இருந்தாள். பால் வெட்டும் வேலை. வீட்டுச் சமையல் அப்பாவின் மூத்த அக்கா கையில். ஏழாம் மாதத்திலிருந்து அம்மாவுக்கு ஒரு வேளைக்கு ஓர் அகப்பைச் சோறுதான். பிள்ளை சிறுத்தால் பிரசவம் சுலபம் என்று அத்தை நம்பினாள். நர்ஸ் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரைகளையும் அதே காரணம் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டாள்.

நான் இரண்டு கிலோவுக்கும் குறைவாகப் பிறந்தேன்.

முப்பத்திரண்டு வயதில் நான் கர்ப்பமானபோது, போர்ட் பிளேரில் டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு என் பிறந்த எடையைக் கேட்டார். குழந்தையின் வளர்ச்சி போதவில்லை. எடை குறைந்து பிறந்த பெண்களுக்கு இப்படி நேரலாம் என்றார். இன்னொன்றும் சொன்னார்: ஒரு பெண்ணின் கருமுட்டைகள், அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடும். பத்திரிகை வேலை தந்த பழக்கம், அதை நோட்டில் எழுதிக்கொண்டேன். அத்தை குறைத்தது மூன்று பேருடைய சோற்றை.

வளைகாப்புக்கு அத்தை பத்துபஸ்தியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தாள். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் இலையில் இரண்டாம் முறை சோறு விழுந்ததும் கையை நீட்டித் தடுத்தாள்.

“போதும் புள்ள. வவுறு பெருத்தா கஷ்டம்.”

“அம்மாவுக்கும் இப்படித்தான் நிறுத்துனீங்களா அத்தை?”

அத்தை கையை இழுத்துக்கொண்டாள்.

“பத்து நாளைக்கு ஒரு ஜஹாஜ் வந்த எடம்டி அது. புள்ள சிக்கிக்கிட்டா யாரு வந்து அறுப்பா? ஒங்கம்மாவக் காப்பாத்தத்தான் செஞ்சேன்.”

“உங்க மகளுக்கு மட்டும் கப்பல் தெனமும் வந்துச்சோ?”

அவள் மகளும் நான் பிறந்த அடுத்த வருடம் அதே தோட்டத்தில்தான் பிள்ளை பெற்றாள். அவளுக்கு மீன், முட்டை, மாத்திரை எல்லாம் கிடைத்தன. பரிமாறியவள் என் அம்மா.

அத்தை பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனாள். மன்னிப்புக் கேள் என்றார் அப்பா. நான் என் இலையைச் சாப்பிட்டு முடித்தேன்.

என் மகள் பிறந்தபோது ஒரு கிலோ தொள்ளாயிரம் கிராம். தராசில் கிடந்தவளைப் படமெடுத்து, எண் தெளிவாகத் தெரிகிறதா என்று பார்த்து, அத்தைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. பார்த்துவிட்டாள் என்பதற்கு இரண்டு நீலக் கோடுகள் வந்தன. பதில் வரவில்லை.

மாதாமாதம் எடை பார்க்கிறார்கள். மாதாமாதம் அனுப்புகிறேன். போன மாதம் ஆஸ்பத்திரியில் நான் படமெடுக்க ஃபோனை எடுத்ததும் அம்மா, “விட்டுரேன்டி, வயசான மனுஷி” என்றாள். சொல்லிவிட்டு, எண்ணின் மேல் தன் நிழல் விழாதபடி நகர்ந்து நின்றாள்.