மேலே கொட்டிய செம்மண்

எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் உள்ள காலி இடத்தில் முன்பு பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் கொட்டகை இருந்தது. கொட்டகை போய்ப் பல வருடம் ஆகிறது, மண் போகவில்லை. மழை பெய்தால் இன்றும் அங்கே சாம்பல் நிறத்தில் தண்ணீர் தேங்கும். அந்த இடத்தைத்தான் பிள்ளைகளுக்குப் பூங்கா ஆக்குவதென்று குடியிருப்போர் சங்கத்தில் முடிவு செய்தார்கள்.

என் மகளுக்கு ஆறு வயது. நாங்கள் இதே தெலுங்கு நகரத்தின் மெட்டுகுடா பகுதியிலிருந்து இங்கே வந்த பிறகு பிறந்தவள். மண்ணைக் கண்டால் முழங்கை வரை விட்டுச் சுரங்கம் தோண்டுவாள், அதே கையால் பிஸ்கட் தின்பாள். அவள் ரத்தத்தில் ஈயம் அதிகமாக இருக்கிறது என்றார் டாக்டர். நான் நாலு பேர் முன்னால் பேசுகிறவள் இல்லை. ஆனாலும் அந்த மண்ணைப் பரிசோதிக்கச் சொல்லி மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் மனு கொடுத்தேன்.

அதிகாரி வரப்போகிறார் என்று தெரிந்ததும் சங்கத்தார் என்ன செய்தார்கள் தெரியுமா? எந்தப் பெரிய மனிதர் வந்தாலும் செய்வதைத்தான். லாரியில் செம்மண் கொண்டுவந்து கொட்டிப் பரப்பி, தண்ணீர் தெளித்து, ஓரத்தில் கோலமும் போட்டார்கள்.

"சார், அவங்க பார்க்க வர்றதே கீழே இருக்கிற மண்ணைத்தானே?" என்று செயலாளரிடம் கேட்டேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"வீட்டுக்கு விருந்தாளி வந்தா கூட்டாம குப்பையிலயா உட்கார வைப்பீங்க மேடம்?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதிகாரி வந்தார், டீ குடித்தார், கோலத்தைப் பாராட்டினார். சின்னக் கரண்டியால் மேலாக நாலு இடத்தில் சுரண்டி எடுத்தார்.

"சார், இது நேத்து கொட்டின மண். ஆழமா எடுங்க," என்று எனக்குத் தெரிந்த தெலுங்கில் சொன்னேன்.

"பிள்ளைங்க கை படுறது மேல் மண்ணுலதானேம்மா. எங்க விதிமுறைப்படி அது போதும்," என்றார்.

முடிவு வந்தது. குடியிருப்புக்கு அனுமதித்த அளவுக்குள் ஈயம் இருக்கிறதாம். செம்மண் வந்த ஊர் நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். அளவைக் குறித்தவர்கள் சரியாகவே குறித்திருக்கட்டும். ஒரு பிள்ளை எவ்வளவு ஆழம் தோண்டும் என்று அவர்களில் ஒருவருக்குமா தெரியாது?

சறுக்குமரம் வைத்து, லட்டு கொடுத்துப் பூங்காவைத் திறந்தார்கள். "நேனு கூட வெள்தானம்மா, நானும் போறேன், எல்லாரும் போறாங்க," என்று மகள் பாதித் தெலுங்கில் அழுதாள். அவளை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு மண்வெட்டியோடு இறங்கினேன். எல்லாரும் பார்க்க, சறுக்குமரத்தின் அடியில் வெட்டினேன். செம்மண் சீக்கிரமே முடிந்தது. கீழே அதே சாம்பல் மண், நடுவே பேட்டரித் தகட்டுத் துண்டுகள். பக்கத்தில் நின்ற ஒரு தாய் தன் பிள்ளையை வெடுக்கென்று தூக்கிக்கொண்டாள்.

"மூடுங்க மேடம், யாராவது போட்டோ எடுத்தா பிளாட்டை எவன் வாங்குவான்?" என்று செயலாளர் பல்லைக் கடித்தார்.

"அந்த அதிகாரியைக் கூப்பிடுங்க. அவர் வந்து இந்த மண்ணை எடுக்கட்டும். அதுவரைக்கும் குழி இப்படியே கிடக்கும்."

இந்த முறை குரல் எல்லாருக்கும் கேட்டது.

மறுநாள் காலை போய்ப் பார்த்தால் குழியை மூடி, மேலே தண்ணீர் தெளித்திருந்தார்கள். வீட்டுக்கு வந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மறுபடி இறங்கினேன்.