கீழ்ப்பாதி அவளுடையது

டிசம்பர் கடைசியில், பெங்களூர் பீன்யாவில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவுக்கு டைரிகள் வந்து குவியும். நட்டு கொடுப்பவர், பெயிண்ட் கொடுப்பவர், அட்டைப்பெட்டி கொடுப்பவர் எல்லோரும் ஆளுக்கொன்று தருவார்கள். அவற்றைப் பார்த்ததும் எங்கள் பிரிவில் பலருக்கு எழுத்தாளர் ஆகிவிடும் எண்ணம் வரும். பெரும்பாலோருக்குப் பொங்கலுக்குள் தெளிந்துவிடும். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம் எனக்கு மட்டும் தெளியவில்லை. தினமும் நாலு வரி எழுத ஆரம்பித்தேன். தூக்கம் வராதவர்கள் படிக்கலாம், அப்படிப்பட்ட வரிகள்.

டைரியை நான் பூட்டி வைத்ததில்லை. அடுகோடி வீட்டில் பிரிட்ஜின் தலையில், கறிவேப்பிலைக் கட்டுக்குப் பக்கத்தில் கிடக்கும். என் மனைவி பெங்களூரிலேயே பிறந்து, மல்லேஸ்வரத்தில் கன்னட மீடியத்தில் படித்தவள். தமிழில் பேசுவாள், திட்டுவாள், தமிழ்ப் படம் பார்த்து அழுவாள். படிக்க மட்டும் தெரியாது. நான் ஆற்காட்டிலிருந்து வேலைக்கு வந்தவன். கன்னடம் பேசுவேன். எழுத்தில் எனக்குத் தெரிந்தது பஸ் போர்டு மட்டும். அதையும் படிப்பதில்லை, ஜாடை பார்த்து ஏறுவேன். ஜாடை என்னைச் சில சமயம் நான் நினைத்தே பார்க்காத பேட்டைகளில் இறக்கிவிட்டிருக்கிறது.

டைரியால் எனக்குக் கிடைத்த முதல் லாபம், சண்டையில் ஜெயிப்பது. மைத்துனன் வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு வருவதாக நான் ஒத்துக்கொண்டேனா, சிலிண்டருக்குச் சொல்லிவைக்க வேண்டியது யார், எதுவானாலும் எழுந்துபோய் டைரியை எடுத்துவருவேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படிப்பேன். சாட்சி நான், குமாஸ்தா நான், நீதிபதியும் நான். வழக்கு தோற்குமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் டைரியை என் கையிலிருந்து வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏன்ரீ," என்றாள். கன்னட வீடுகளில் புருஷனைக் கூப்பிடும் விதம் அது. கோபம் வந்தால் அந்த 'ரீ' நீளும். அன்று நன்றாகவே நீண்டது. "இதுல எல்லாம் நீங்க சொன்னதுதானே இருக்கு? நான் சொன்னது எங்கே?"

"அதுவும் எழுதியிருக்கேனே. 'அவள் ஒத்துக்கொண்டாள்'னு."

"நான் எப்போ ஒத்துக்கிட்டேன்? சும்னே எதையாவது எழுதி வச்சிக்கிட்டு! நாளைக்கு நம்ம பொண்ணு பெரிசாயி, யாரையாவது வச்சு இதைப் படிச்சா என்ன நெனைப்பா? அம்மா வாயில்லாப் பூச்சியா இருந்தா, பாவம்னுதானே?"

அப்படி நினைக்க வாய்ப்பே இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் ஸ்கேலை எடுத்து, மிச்சமிருந்த பக்கங்களுக்கெல்லாம் நடுவில் கோடு போட்டுவிட்டாள். மேல்பாதி எனக்கு, கீழ்ப்பாதி தனக்கு. அன்றிலிருந்து எழுதவும் ஆரம்பித்தாள். பாஷை தமிழ்தான். எழுத்து கன்னடம்.

என் நாலு வரிக்குக் கீழே இடம் காலியாகக் கிடந்தது. அவளுடைய பாதியோ ஓரத்தில் சுற்றிக்கொண்டு ஏறும் அளவுக்கு நிரம்பியது. அவ்வளவு என்னதான் எழுதுகிறாள்? தினமும் அரைப் பக்கம் எழுத என்னிடம் விஷயம் இருக்கிறது என்பது சந்தோஷம்தான், ஆனால் அது என்ன விஷயம்?

"கொஞ்சம் படிச்சுக் காட்டேன்."

"எப்படி? நீங்க எனக்குப் படிச்சுக் காட்டினீங்களே, அப்படியா?"

அடிக்கடி கண்ணில் பட்ட ஒரு வார்த்தையை ஒரு துண்டுச் சீட்டில் படம் வரைவதுபோல வரைந்துகொண்டு போய், எங்கள் ஸ்டோர்ஸில் இருந்த கன்னடக்காரரிடம் காட்டினேன். அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். "கொரட்டெ. இது கன்னட அல்லா சார். உங்க தமிழ்நாடு கடெ ஏதாவது ஊர் பேரா?"

ஆமாம், சின்ன ஊர்தான் என்று சொல்லிச் சீட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். என் குறட்டைக்கு வரலாற்றில் இவ்வளவு இடமா?

அந்த வாரமே ஒரு கன்னட அரிச்சுவடி வாங்கினேன். பீன்யாவுக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும். அந்த நேரம் முழுக்க, தலை நரைக்கத் தொடங்கிய ஒருவன் மடியில் யானைப் படம் போட்ட புத்தகத்தை வைத்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்தான். கண்டக்டர் என்னிடம் ரொம்பப் பிரியமாக நடந்துகொண்டார்.

மழைக்காலம் முடியும்போது ஓரளவு வந்துவிட்டது. ஒரு சாயங்காலம் அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருக்க, நான் எதிரில் உட்கார்ந்து ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்தேன். மேல்பாதியில் என் கையெழுத்து: "இன்று வீட்டில் சத்தமில்லை. நேற்றைய விவாதத்தில் என் பக்கத்து நியாயம் அவளுக்குப் புரிந்துவிட்டது."

கோட்டுக்குக் கீழே விரலை வைத்து எழுத்தெழுத்தாக உரக்கப் படித்தேன். "இன்னிக்கு… இவரு… சண்டையே போடலை. ஜொரமோ என்னமோன்னு பயமாயிடுச்சு. தூங்கினப்புறம் நெத்தியைத் தொட்டுப் பார்த்தேன். இல்லை. எதுக்கும் நாளைக்கு மொளகு ரசம்."

நறுக்கும் சத்தம் நிற்கவில்லை. நான் பக்கத்தைப் புரட்டினேன். மறுநாள் மேல்பாதியில் நான் எழுதியிருந்தேன்: "சாம்பார் கேட்டேன். மிளகு ரசம் வைத்திருக்கிறாள். இத்தனை வருஷத்தில் என் ருசி தெரியவில்லை."

என் நாலு வரிகள் மட்டும் இருந்திருந்தால், நெற்றியில் வந்து போன அந்தக் கையை நான் தெரிந்துகொண்டிருக்கவே மாட்டேன். ரசத்தின் மேல் புகார் மட்டும் மிஞ்சியிருக்கும்.

"ஏன்ரீ, நிறுத்திட்டீங்க?" என்றாள், பீன்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல். "கூட்டெழுத்து வந்துடுச்சா?"

"ஆமாம்," என்றேன். "கொஞ்சம் கஷ்டமா இருக்கு. நீயே படியேன்."

கத்தியை வைத்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.