எண்ணூத்தி மூணுன்னு சொல்லக் கூடாது

அந்தக் காருக்குப் பெயர் ஓர் எண். எட்டு, பூஜ்யம், மூன்று. கம்பெனிக்காரர்களுக்கு வேறு பெயர் கிடைக்கவில்லையோ, பெயர் வைக்கிற அன்றைக்குச் சோம்பலோ, தெரியாது. மற்றவர்கள் பூவின் பெயரையும் புலியின் பெயரையும் தேடிக்கொண்டிருந்தபோது, இவர்கள் மூன்று இலக்கத்தை வண்டியின் முதுகில் ஒட்டி அனுப்பிவிட்டார்கள். அதை எப்படிச் சொல்ல வேண்டும் என்று யாரும் சொல்லி அனுப்பவில்லை. வாங்கினவர்கள் அவரவர் வாய்க்கு வந்தபடி சொன்னார்கள். இந்தத் தெருவில் அது எண்ணூத்தி மூணு.

தெருக்கோடியில் இருந்த ஒர்க்‌ஷாப்புக்கும் அதுவே பெயராகிவிட்டது. வாசலில் பெரிய எழுத்தில் வேறு ஏதோ பெயர் எழுதி மாட்டியிருந்தது, அதைப் படித்தவர் யாரும் இல்லை. "எண்ணூத்திமூணு கடையா? நேரா போயி இடது பக்கம் திரும்புங்க" என்றுதான் வழி சொல்வார்கள். உள்ளே இரண்டு பேர். இன்ஜின் பார்ப்பவர் மூத்தவர். வயர், விளக்கு, பேட்டரி பார்ப்பவர் இளையவர், ஆகவே தெருவில் அவர் வயர்காரர். மூத்தவரின் தங்கையைத்தான் வயர்காரர் கட்டியிருந்தார். அதனால் இவருக்கு அவர் மச்சான், அவருக்கு இவர் மாப்ள. உறவும் தொழிலும் ஒரே கூரைக்குள் இருந்தால் உருப்படாது என்று சொன்ன வாய்களையெல்லாம் பல வருஷம் மூட வைத்த ஜோடி அது. சொல்ல வந்தது வயர்காரரைப் பற்றி. ஆனால் மச்சானை விட்டுவிட்டு அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அது அவருக்கே காலம் கடந்துதான் புரிந்தது.

மச்சானுக்குப் பாதி வேலை பேச்சு. பானெட்டைத் திறந்ததும் ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜின்மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடிக் கேட்பார். அப்புறம் வண்டிக்காரரை ஸ்டூலில் உட்கார வைத்து ஆரம்பிப்பார்.

"எண்ணூத்தி மூணுக்கு ஈரம் ஆகாது சார். மழை பேஞ்சா மறுநாள் காலைல கோவிச்சுக்கும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழட்டி உள்ள ஒரு துணியால துடைச்சு விடுங்க, சிரிச்சுக்கிட்டே கிளம்பிடும். மத்த வண்டியெல்லாம் ஆறு மாசத்துல மாமியாரா மாறிடும். எண்ணூத்தி மூணு மட்டும்தான் கடைசிவரைக்கும் மகளாவே இருக்கும்."

வண்டிக்காரர் சிரிப்பார். கார் சரியாவதற்கு முன்பே மனசு சரியாகிவிடும். வயர்காரர் அந்தப் பக்கம் டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு கிடப்பார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று அவர் மனைவி கேலி செய்கிற ரகம். மச்சான் பேசுவதைக் கேட்டுக்கொண்டே வயரை உரிப்பது அவருக்குப் பிடித்திருந்தது. அப்படிப் பேச வராதே என்று ஒரு சின்னப் பொறாமையும் இருந்தது. அதை அவர் அப்போது ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்.

கம்பெனி திடீரென்று விழித்துக்கொண்டது. வெளி ஒர்க்‌ஷாப்களில் சிலவற்றைத் தேர்ந்தெடுத்து, 'எங்கள் அங்கீகாரம் பெற்றது' என்று போர்டு கொடுக்கப் போவதாக அறிவித்து, மெக்கானிக்குகளை ஒரு ஓட்டல் ஹாலுக்கு அழைத்தது. மச்சானுக்கு அன்று ஒரு கியர்பாக்ஸ் வேலை. வயர்காரர் மட்டும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனார்.

அங்கே டை கட்டிய ஒருவர் மேடையில் நின்று, முதல் வேலையாக வண்டியின் பெயரை எப்படிச் சொல்வது என்று பாடம் எடுத்தார். மூன்று இலக்கத்தையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டுமாம். நடுவில் இருப்பது பூஜ்யம் அல்ல, சைபர் அல்ல, 'ஓ'. எய்ட், ஓ, த்ரீ. உலகம் முழுக்க ஒரே மாதிரி. "முழு எண்ணாச் சொன்னா அது காய்கறிக் கடைக் கணக்கு. தனித்தனியாச் சொன்னாத்தான் அது கார்" என்றார். கிரீஸ் போகாத கைகளோடு உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி கோரஸாகச் சொன்னார்கள். வயர்காரர் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதை வாய்க்குள் உருட்டிக்கொண்டே வந்தார். பேசத் தெரியாதவருக்கு மூன்று வார்த்தை கிடைத்துவிட்டது. அது போதும், ஒரு மனுஷனைக் கெடுக்க.

மறுவாரம் கம்பெனியின் இன்ஸ்பெக்டர் ஒர்க்‌ஷாப்பைப் பார்க்க வந்தார். மச்சான் குஷியாகிவிட்டார். அந்த வண்டியைப் பெற்றவர்களே வீடு தேடி வந்தது மாதிரி அவருக்கு. கையைத் துடைத்துக்கொண்டு, ஸ்டூலைப் போட்டு, "எண்ணூத்தி மூணுல பாருங்க சார்" என்று ஆரம்பித்தார்.

"எய்ட் ஓ த்ரீ, மச்சான்" என்றார் வயர்காரர்.

"ஆமா, அதான். இந்த எண்ணூத்தி மூணுக்கு..."

"எய்ட் ஓ த்ரீ."

மச்சான் ஒரு முறை முயன்று பார்த்தார். நாக்கு நடுவில் தடுக்கி, "எய்ட்டு... ஜீரோ..." என்று எங்கோ போய் நின்றது. இன்ஸ்பெக்டர் புன்னகைத்தார். கெட்ட புன்னகை இல்லை. வேறு யாராவது இருந்திருந்தால் எல்லோரும் சேர்ந்து சிரித்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள். ஆனால் நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, வாழ்நாளெல்லாம் வாயைத் திறக்காத இந்த நுணல் அன்றைக்குப் பார்த்துத் திறந்தது.

"அவர் பழைய ஆள் சார். கண்டுக்காதீங்க. இனிமே கஸ்டமர்கிட்ட நான்தான் பேசுவேன். அவர் உள்ள வேலை மட்டும் பார்த்துப்பாரு."

இன்ஸ்பெக்டர் இன்னும் உட்காராத அந்த ஸ்டூலை மச்சான் எடுத்துச் சுவரோரம் வைத்துவிட்டு, உள்ளே போனார். போர்டு கிடைத்தது.

அதற்குப் பிறகு யாராவது வண்டியோடு வந்தால் மச்சான் வாய் பேசாமல் கையால் வயர்காரரைக் காட்டினார். பழைய வாடிக்கையாளர்கள், "என்ன, இன்னிக்கு மௌன விரதமா?" என்று சீண்டிப் பார்த்தார்கள். சும்மா சிரித்தார். வண்டியின் பெயரைச் சொல்லியே ஆக வேண்டிய இடத்தில், "அந்தச் சிவப்பு வண்டி", "டாக்டரம்மா வண்டி" என்றார். வயர்காரருக்கு அது எரிச்சலாக இருந்தது. ஒரு வார்த்தையைத் திருத்தினால் இவ்வளவு ரோஷமா என்று நினைத்தார். தான் திருத்தியது வார்த்தையை அல்ல என்று தோன்ற அவருக்குத் தலை நரைக்க வேண்டியிருந்தது.

ஒருநாள் சாயங்காலம் மச்சான் தன் டூல்பாக்ஸை மூடினார். "இடம் நெருக்கமா இருக்கு மாப்ள. பைபாஸ் பக்கம் ஒரு ஷெட் பார்த்திருக்கேன்" என்றார். வயர்காரர் அப்போதாவது கையைப் பிடித்திருக்கலாம். "எங்க போறீங்க, உட்காருங்க" என்று ஒரு அதட்டல் போட்டிருந்தால் போதும், அந்த மனிதர் உட்கார்ந்திருப்பார். ஆனால் வயர்காரர், "உங்க இஷ்டம் மச்சான்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அந்த மரியாதைதான் எல்லாவற்றையும் விட மோசம்.

வீட்டில் மனைவி விடவில்லை. "ஒரு நம்பருக்காக ரெண்டு தடிமாடுங்க முகத்தைத் தூக்கி வச்சிருக்கே, நாலு பேர் கேட்டா சிரிக்க மாட்டாங்க? போய் எங்கண்ணனைக் கூட்டிட்டு வாங்க."

"நானா போகச் சொன்னேன்? அவராத்தானே போனாரு. பேசறதுன்னா அவர் பேசட்டும்."

"எப்படிப் பேசுவாரு? வாயைத்தான் நீங்க பூட்டிட்டீங்களே."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று வயர்காரர் வீம்பு பிடித்தார். பைபாஸ் ரொம்ப தூரமில்லை, பஸ்ஸில் ஏறினால் ஒரு தூக்கம் போடுவதற்குள் வந்துவிடும். விசேஷ வீடுகளில் பார்த்துக்கொள்வார்கள். "சௌக்கியமா மாப்ள?" "இருக்கேன் மச்சான்." அதோடு சரி. வேலை எப்படி என்று ஒருவரை ஒருவர் கேட்டதே இல்லை. கேட்டால் அந்தப் பெயரைச் சொல்ல வேண்டி வரும்.

ஒர்க்‌ஷாப்பில் வயர்காரர் எல்லோரிடமும் எய்ட் ஓ த்ரீ, எய்ட் ஓ த்ரீ என்று சுத்தமாகச் சொன்னார். வந்தவர்கள், "சரி, என்ன கோளாறுன்னு சொல்லுங்க" என்றார்கள். அவருக்குக் கோளாறைச் சரி செய்யத் தெரியும், சொல்லத் தெரியாது. சொல்லிக் கொடுத்த சொல்லும் கட்டிக் கொடுத்த சோறும் எத்தனை நாளைக்கு வரும்? ஸ்டூல் சுவரோரமே கிடந்தது. கொஞ்ச காலத்தில் கம்பெனி அந்த மாடலையே நிறுத்திவிட்டு, போர்டையும் கழற்றிக்கொண்டு போனது. கழற்ற வந்த ஆள் வண்டியின் பெயரை எப்படியோ சொன்னான், அது வயர்காரர் காதில் விழவே இல்லை. அன்றைக்கே மச்சானுக்குப் போன் செய்யலாம் என்று நினைத்தார். நினைத்து ஆறப்போட்டார். ஆறப்போட்டு ஆறப்போட்டு, போன் செய்வதே பெரிய வெட்கமாக வளர்ந்துவிட்டது.

அப்போதுதான் மச்சானுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் பேச்சும் போய்விட்டன என்று மனைவி அழுதுகொண்டே சொன்னாள். உயிருக்கு ஒன்றுமில்லை, நாம் சொல்வதெல்லாம் புரிகிறது, சொல்லத்தான் வரவில்லை என்றாள். வயர்காரர் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். போக வேண்டும், பேச வேண்டும் என்று இத்தனை நாள் தள்ளிப்போட்டபோதெல்லாம், மச்சானின் பேச்சு அங்கேயே இருக்கும், போய் எடுத்துக்கொள்ளலாம் என்ற நினைப்பில்தான் தள்ளிப்போட்டிருந்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஒரு பெண் தினமும் வந்து போனாள். வயர்காரர் போன அன்று அவள் கட்டிலுக்கு அருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மச்சான் தலையணையில் சாய்ந்திருந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. வயர்காரரைக் கண்டதும் இடது கையைத் தூக்கி, வாங்க என்பது போல் ஆட்டினார். கோபமே இல்லாத கை. வயர்காரர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, பிடித்தபடியே நின்றார்.

"இவருக்கு ரொம்பப் பழக்கமான வார்த்தை ஏதாவது சொல்லுங்க" என்றாள் அந்தப் பெண். "தண்ணி, சாவி எல்லாம் வரலை. மனசுக்குப் பிடிச்ச வார்த்தையா இருந்தா சில நேரம் தானா வந்துடும்."

மச்சானின் மனைவி கதவோரம் நின்றாள். வயர்காரருக்கு அவள் அக்கா முறை. "வண்டிப் பேருதான்" என்றாள். "வேற என்ன?"

அந்தப் பெண் ஓர் அட்டையில் பெரிதாக எட்டு, பூஜ்யம், மூன்று என்று எழுதி மச்சானிடம் காட்டினாள். வயர்காரரைத் திரும்பிப் பார்த்தாள். "இதை அவர் எப்படிச் சொல்வாரோ, அதே மாதிரி நீங்க முதல்ல சொல்லுங்க."

வயர்காரர் இத்தனை வருஷம் அந்தப் பக்கமே போகாத நாக்கைக் கஷ்டப்பட்டுத் திருப்பினார். குனிந்து, மச்சானின் காதருகில் சொன்னார்.

"எண்ணூத்தி மூணு, மச்சான். எண்ணூத்தி மூணு. சொல்லுங்க, நீங்க சொல்றதுதான் சரி."

மச்சான் தலையை இல்லை என்று ஆட்டினார்.

புரியவில்லையோ என்று வயர்காரர் இன்னொரு முறை சொன்னார். மச்சான் இன்னும் பலமாகத் தலையை ஆட்டினார்.

"அவர் அப்படிச் சொல்றதில்ல தம்பி" என்றாள் அக்கா. "இங்க ஷெட்டுக்கு வந்ததுல இருந்து உங்க மாதிரிதான் சொல்லுவாரு. மொதல்ல சரியா வரல. தினம் சவரம் பண்றப்ப கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிப் பழகுவாரு. மாப்ள சொல்றது எவ்வளவு சுத்தமா இருக்கும் தெரியுமான்னு கேப்பாரு. சுத்தமா வந்ததும் உங்ககிட்ட வந்து சொல்லிக் காட்டணும்னு இருந்தாரு."

மச்சானின் உதடு அசையத் தொடங்கியிருந்தது. கழுத்து நரம்பெல்லாம் புடைக்க, நெற்றியில் வேர்க்க, கோணிய வாயை நேராக்கப் பார்த்தார்.

"எ...ய்ட்" என்றார்.

அந்தப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மச்சான் மூச்சு வாங்கினார். உதட்டைக் குவிக்கத்தான் பெரும்பாடாக இருந்தது. இடது கை விரல்களால் தானே உதட்டைப் பிடித்துக் குவித்துக்கொண்டார். "ஓ" என்று வந்தது. மூன்றாவது வரவில்லை. எச்சில் மட்டும் வழிந்தது.

அந்தப் பெண், "பிரமாதம்!" என்று கை தட்டினாள். மச்சான் அவளைப் பார்க்கவில்லை. வயர்காரரைப் பார்த்தார், சரியாக வந்ததா என்று.

"சரியா இருக்கு மச்சான்" என்றார் வயர்காரர். "ரொம்ப சரியா இருக்கு. போதும் மச்சான்."

மச்சான் நம்பவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.