ஒரு துண்டோடு நிறுத்துகிறவர்

என் வீட்டுக்காரர் ரொட்டியை ஒரே நாளில் விட்டார். அவரை யாரும் விடச் சொல்லவில்லை. டாக்டர் விடச் சொன்னது என்னை.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்களைத் தெரிந்தவர்கள் இந்தக் கதையை வேறு மாதிரி சொல்வார்கள். பெண்டாட்டிக்காக வாயைக் கட்டிய உத்தமர் என்று அவரைச் சொல்வார்கள். உத்தமர்தான். அந்த உத்தமரோடு ஒரே வீட்டில் குடியிருந்து பார்க்க வேண்டும்.

அறுபதுகளின் கடைசி. அந்தமானில், போர்ட் பிளேரின் டெய்ரி ஃபார்ம் பக்கம் எங்கள் குவார்ட்டர்ஸ். நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர், அவர் படகுப் பட்டறையில் தச்சர். ஐந்து வயதில் ஒரு மகள். இருவருக்கும் சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். எங்கள் வீடுகளில் இட்லி ஞாயிற்றுக்கிழமைச் சமாச்சாரம். மற்ற நாளெல்லாம் டீயும் பேக்கரி ரொட்டியும்தான். போர்ட் பிளேரில் அதை டபுள் ரொட்டி என்பார்கள். வெறும் ரொட்டி என்று கேட்டால் சப்பாத்தி கிடைக்கும். சைக்கிளில் தகரப் பெட்டி கட்டிக்கொண்டு மலபார் முஸ்லிம் ஒருவர், எங்கள் எல்லாருக்கும் காக்கா, காலையில் மணியடித்தபடி வருவார். பெட்டியைத் திறந்தால் சூடு முகத்தில் அடிக்கும். பாதி ரொட்டியை நான் அடுப்படிக்குப் போவதற்குள் பிய்த்துத் தின்றுவிடுவேன். வெண்ணெய் எல்லாம் மீதிப் பாதிக்குத்தான்.

அந்த வருஷம் நடு அந்தமானில் இருக்கும் ரங்கத்தில் புதிதாகத் தொடங்கிய தமிழ்ப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியையாக என் பெயர் வந்தது. எனக்கு அது வேண்டும். பன்னிரண்டு வருஷம் ஒன்றாம் வகுப்பிலேயே நின்று தொண்டை கட்டியவள் நான். போகுமுன் டாக்டரிடம் உடல் தகுதிச் சான்று வாங்கிக் கொடுக்கச் சொன்னார்கள்.

அப்போதெல்லாம் சிறுநீரை ஒரு நீல மருந்தில் விட்டு ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சிப் பார்ப்பார்கள். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். பிறகு மஞ்சள், ஆரஞ்சு, கடைசியில் செங்கல் நிறம். என்னுடையது செங்கல்.

டாக்டர் இந்தியில் சொன்னார். "டபுள் ரொட்டி பந்த். மீன் சாப்பிடு, கீரை சாப்பிடு, சோறு ஒரு கை." மாத்திரையும் கொடுத்தார். இரண்டு மாதம் தவணை. அதற்குள் நிறம் இறங்காவிட்டால் தினமும் ஊசி. ஊசி மருந்துக்கு ஐஸ் பெட்டி வேண்டும், ரங்கத்தில் அதற்கு எங்கே போவது? ஆக, ஊசி என்றால் ரங்கத் இல்லை.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே, "ஏட்டி, அப்ப நானும் விட்டுருதேன். ஒனக்குத் தொணையா இருக்கும்லா" என்றார்.

மறுநாள் காலையில் காக்கா மணியடித்தபோது அவர் தலையைக்கூடத் திருப்பவில்லை. வெறும் டீயைக் குடித்துவிட்டு, முந்தின நாள் மீன் குழம்பில் இரண்டு துண்டைத் தின்றுவிட்டுப் பட்டறைக்குப் போனார். அவ்வளவுதான். முடிந்தது.

நான்? பிள்ளைக்கு என்று ரொட்டி வாங்கினேன். பிள்ளை இரண்டு துண்டு தின்னும். ஓரத்தைப் பிய்த்துப் போடும். அந்த ஓரம் வீணாகக் கூடாது என்று நான் தின்றேன். பிறகு, வீணாகக் கூடாத ஓரம் நிறையக் கிடைக்கட்டும் என்று நானே தடிமனாக ஓரம் வைத்து வெட்டிக் கொடுத்தேன். ஒரு துண்டை நாலாக வெட்டி, ஒன்றுதான் என்று எடுத்து, நாலையும் தின்றேன். தையல் மெஷின் டிராயரில் ஒளித்து வைத்தேன். எறும்பு வரிசை அதைக் காட்டிக்கொடுத்தது. அவர் எறும்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டிராயரைத் தட்டிச் சுத்தம் செய்து வைத்தார்.

திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன்.

ஒரு மாதத்தில் அவருக்குக் காற்சட்டை நழுவியது. பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டுக்கொண்டார். பக்கத்து வீட்டு வங்காளி அம்மாள் வேலி வழியாக அவர் போவதையே பார்த்துவிட்டு என்னிடம், "தீதி, பாயி சாப் கித்னா பத்லா ஹோ கயே!" என்றாள். எவ்வளவு மெலிந்துவிட்டார் என்று. பிறகு என் இடுப்பைப் பார்த்தாள். "அவுர் ஆப்?" நீங்கள் எப்போது என்று கேட்கிறாள். கையில் துடைப்பம் இருந்தது, நல்லவேளை வேலியும் இருந்தது.

இரவு சாப்பாட்டில் அவரே ஆறுதல் சொன்னார். "ரெண்டு நாளு கஷ்டமா இருக்கும்ட்டி. அதுக்கப்புறம் நெனப்பே வராது."

"ஒங்களுக்கு வராது."

"ஒனக்கும் வராது. மனசு வைக்கணும்."

மனசு வைக்கணுமாம். அந்த வார்த்தையை நினைத்துக்கொண்டு மறுநாள் பள்ளிக்கூடத்து டீ இடைவேளையில் மூன்று துண்டு தின்றேன். அந்த மாதச் சோதனையில் நிறம் ஆரஞ்சு. டாக்டர் ட்யூபை என் முகத்துக்கு நேரே ஆட்டி, "ஒரு மாதம் இருக்கிறது" என்றார்.

உண்மையைச் சொல்கிறேன். ரங்கத் போய்விடுமே என்ற பயத்தைவிட அவர்மீது இருந்த பொறாமைதான் எனக்குப் பெரிதாக இருந்தது. அவர் தூங்கும்போது பார்ப்பேன். வயிறு தட்டையாக, நிம்மதியாக. நோய் எனக்கு, பத்தியம் எனக்கு, பேர் அவருக்கு.

பிறகு கப்பல் வரவில்லை. மழைக்காலம், கடல் சரியில்லை, மெட்ராஸிலிருந்து வரவேண்டிய கப்பல் தள்ளிக்கொண்டே போனது. முதலில் உருளைக்கிழங்கு தீர்ந்தது, பிறகு வெங்காயம், பிறகு மைதா. காக்காவின் மணி நின்றது. ஊரே புலம்பியது. எனக்கு முதல் நான்கு நாள் தலைவலி. கண்டவர்மேல் எரிந்து விழுந்தேன். அதன்பின் மீனும் கீரையும் வெள்ளரிக்காயுமாக நாள் ஓடியது. கால் எரிச்சல் குறைந்தது. வகுப்பில் தண்ணீர்ச் செம்பைத் தேடவில்லை. நானாக ஒன்றும் செய்யவில்லை, கப்பல்தான் எனக்குப் பத்தியம் போட்டது.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ அவர் கேட்டார். "ஏட்டி, காக்கா மணிச் சத்தத்தையே காணோமே. ஊருக்குப் போயிட்டாரா?"

அப்போதுதான் அவருக்குத் தெரிகிறது! ஊரில் ரொட்டி இல்லாததே தெரியாமல் ஒரு மனிதர் என் வீட்டில் இருந்திருக்கிறார்.

கடைசிச் சோதனைக்கு இரண்டு நாள் முன்னால் கப்பல் வந்தது. சோதனை அன்று காலையில் மணி கேட்டது. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ஒரு துண்டு வாயில் வைத்தால் முழு ரொட்டியும் போகும், ரொட்டியோடு ரங்கத்தும் போகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே வாசலுக்குப் போனேன்.

"டீச்சர், மூணு வாரமாச்சு" என்று சிரித்துக்கொண்டே காக்கா பெட்டியைத் திறந்தார். வாங்கினேன்.

அடுப்படியில் நின்று நான்கு துண்டு வெட்டினேன். டின் வெண்ணெயைத் தடிமனாகத் தடவினேன். தட்டைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன்.

"சாப்பிடுங்க."

"எனக்கா?"

"ரெண்டு மாசமா எனக்காக இருந்தீங்கல்லா. இன்னைக்குச் சாப்பிடுங்க."

அன்பால் கொடுக்கவில்லை. அவர் தோற்க வேண்டும். என் கண் முன்னால் நான்கையும் அள்ளித் தின்று, இன்னும் இருக்கா என்று கேட்க வேண்டும். கேட்டால் போதும், இந்த வீட்டில் நான் தனியாள் இல்லை.

அவர் ஒரு துண்டை எடுத்தார். மெதுவாக மென்றார். முழுங்கினார். டீயைக் குடித்தார். தட்டை ஓரமாகத் தள்ளினார்.

"நல்லாத்தான் இருக்கு."

"மிச்சம்?"

"போதும்ட்டி."

"ஒண்ணு போதுமா?"

"ஒண்ணு போதாதா?" என்றார். கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டார்.

எனக்குப் பிறந்ததிலிருந்து ஒரு துண்டு ரொட்டி போதுமாக இருந்ததே இல்லை. இந்த மனிதருக்கு எல்லா நாளும் ஒன்று போதுமாக இருந்திருக்கிறது. முன்பு அவர் நாலு துண்டு தின்றதே நான் நாலு வைத்ததால்தான். இரண்டு மாதமாக அவர் எதையோ அடக்கிக்கொண்டிருந்தார் என்று நினைத்து நான் வெந்துகொண்டிருந்தேன். அடக்க அங்கே ஒன்றுமே இருந்திருக்கவில்லை. மனசு வைக்கணுமாம்!

வந்த கோபத்தில் மூன்று துண்டையும் மீதி ரொட்டியையும் அப்படியே தட்டோடு தூக்கிக்கொண்டு போய் வேலிக்கு மேலே வங்காளி அம்மாளிடம் நீட்டினேன். "லே லோ" என்றேன். அவள் பயந்துபோய் வாங்கிக்கொண்டாள். திரும்பி வந்து, பழைய மீனும் கீரையும் நின்றபடியே தின்றேன். கண்ணில் தண்ணீர் வந்தது, மிளகாய் என்று சொல்லிக்கொண்டேன்.

"நானும் கூட வரட்டா?" என்று கேட்டார்.

"வேண்டாம்."

டாக்டர் ட்யூபை விளக்கில் காட்டினார். நீலம் கலங்கி, பச்சைக்குப் போய், அங்கேயே நின்றது. அவர் இன்னும் கொஞ்சம் காய்ச்சிப் பார்த்தார். பச்சைதான்.

"ஊசி வேண்டாம். மாத்திரை போதும். ரங்கத் போகலாம்" என்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "போன மாதம் ஆரஞ்சு. எப்படிச் சமாளித்தாய்?" என்று கேட்டார்.

கப்பல் வராததைச் சொல்லியிருக்கலாம். என் வாயில் வந்தது வேறு.

"என் வீட்டுக்காரராலே."

டாக்டர் முகம் மலர்ந்தது. இப்படிப்பட்ட புருஷன் எல்லாருக்கும் கிடைக்க மாட்டார் என்றார். நான் அவரைத் திருத்தவில்லை. சான்றிதழில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.