வெள்ளாற்றுக்குத் திறந்துவிட்ட பச்சைத் தண்ணீர்

மழைநீர் பிடிக்க யாராவது நெய்வேலிக்குப் போவார்களா? நான் போனேன். கல்லூரியில் வேதியியல் நடத்தும் என் தோழி மாலதி, டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ் மாடி ஒன்றிலும் சேத்தியாத்தோப்புப் பக்கம் ஒரு வயலிலும் புனல் செருகிய பாட்டில்களை வைத்திருக்கிறாள். கார்த்திகை மழை இரண்டு நாள் விட்டிருந்தபோது, அவற்றை எடுத்துவரத் துணைக்குக் கூப்பிட்டாள். எனக்கு வேலை பெட்டி தூக்குவது.

காலை 5.10-க்கு மாடியில் முதல் பாட்டிலை எடுத்தோம். தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. நெய்வேலி அனல்மின் நிலையத்தில் கரி எரிவதிலும் வண்டிப் புகையிலும் கிளம்பும் நைட்ரஜன் ஆக்சைடும், வயலில் போட்ட யூரியாவிலிருந்து பறக்கும் அம்மோனியாவும் இதில் கரைந்திருக்கும் என்றாள் மாலதி. யாரும் கேட்காமலே மண்ணில் இறங்குகிற உரம். கொஞ்சமென்றால் பயிர் தின்னும். மிஞ்சினால் மண் அமிலமேறிப் புளிக்கும், மீதி வாய்க்கால் வழியே ஆற்றுக்குப் போய்ப் பாசியாகும்.

டவுன்ஷிப் வாசலான ஆர்ச் கேட்டிலிருந்து வடலூருக்கு ஷேர் ஆட்டோ, தலைக்கு 30 ரூபாய். அங்கிருந்து பஸ்ஸில் 15 ரூபாய். சேத்தியாத்தோப்புக்கு மூன்று கிலோமீட்டர் முன்னால் இறங்கும்போது மணி 6.40.

வயல் முருகேசனுடையது. மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. அந்த வாரம் செகண்ட் ஷிப்ட் என்பதால் காலையில் வயலில் இருந்தார். வரப்பில் யூரியா மூட்டை. மூட்டைமேல் அவர் மனைவி கஸ்தூரி அழுத்தமாக உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கிற உத்தேசமே இல்லை.

"நீங்களே பாருங்க மேடம், மீனெல்லாம் வாயப் பொளந்துகினு மேல வருது. இந்தாளு இன்னும் யூரியா உப்பு போடணும்ங்கிறாரு."

வயலை ஒட்டிய குட்டையில் கட்லாவும் ரோகுவும் விட்டு வளர்ப்பவர் கஸ்தூரிதான். தண்ணீர் பச்சைப்பெயின்ட் கொட்டியது போலிருந்தது. பாசி ராத்திரியெல்லாம் தண்ணீரிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சிவிட, விடியலில் மீனுக்கு மூச்சு முட்டுகிறது.

"நான் என்னங்க பண்ணேன்? எல்லாம் அந்தப் புகை," என்றார் முருகேசன்.

முன்பு உரம் எப்போது, எப்படிப் போட்டீர்கள் என்று மாலதி கேட்டாள்.

"போன வாரம் பர்ஸ்ட் ஷிப்டுங்க. வந்து சேரவே மூணு மணி. தண்ணிய வடிச்சிகினு இருக்க ஏது நேரம்? நின்ன தண்ணியிலயே வெயில்ல வீசிட்டேன். அடுத்த நாளு மழையில வரப்பு வேற ஒடஞ்சிகிச்சி."

வீசியதில் ஒரு பங்கு காற்றில் போயிருக்கும், ஒரு பங்கு குட்டையில். புகையின் பங்கு எவ்வளவு என்பதை பாட்டிலைச் சோதிக்காமல் சொல்ல முடியாது என்றாள் மாலதி. பயிருக்கு உரம் தேவையா என்று காட்டும் இலை வண்ண அட்டையைப் பயிரோடு வைத்துப் பார்த்தாள். இலை, அட்டையின் கடைசிப் பச்சையைவிடக் கறுத்திருந்தது; உரம் ஏற்கெனவே மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். முருகேசன் அட்டையை வாங்கி நாலு இடத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு மூட்டையை வீட்டுக்குத் தூக்கிப்போகச் சம்மதித்தார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஆனால் மீனுக்கு அது போதாது. குட்டையின் பாதித் தண்ணீரை வாய்க்காலில் வெட்டிவிட்டு போர்வெல் தண்ணீர் பாய்ச்சலாம் என்றார் முருகேசன். வாய்க்கால் நேரே வெள்ளாற்றுக்குப் போகிறது.

"ஆத்துல வுடாதீங்க, அங்கயும் இதே கதைதான்," என்றாள் மாலதி. "ரெண்டு மூணு நாள் மோட்டார் வச்சு தண்ணியக் கலக்கி காத்து ஏத்திப் பார்க்கலாம்."

கஸ்தூரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு நாளு தாங்குமாங்க? எட்டு மாசமா தீனி போட்டிருக்கேன்."

மாலதி வயலில் இருந்த பாட்டிலை எடுத்துப் பெட்டியில் வைத்தாள். மணி 7.25.

நீங்கள் போவதானால் மழை விட்ட மறுநாள், பஸ்ஸில் போங்கள். குடிதண்ணீர் கையில் இருக்கட்டும். பாசி படர்ந்த இடத்தில் கால் நனைக்க வேண்டாம். யூரியா போடுபவராக இருந்தால் வயல் தண்ணீரை வடித்துவிட்டுப் போடுங்கள். ஆற்றை எப்படிக் காப்பாற்றுவது என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். அன்று மீன் பிழைத்தது. குட்டையின் கரையை வாய்க்கால் பக்கம் வெட்டிவிடக் கஸ்தூரி கை நீட்டியபோது மண்வெட்டியை எடுத்துக் கொடுத்தது நான்தான்.